முரசிடுக்கு நீர், காட்டிப் புரதம்: என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

முரசு (ஈறு) நோய் பற்றிய துண்டுப்பிரசுரத்துக்காக நாம் சொற்கள் தேடுகிறோம். அதில் ‘gingival crevicular fluid’ என்பதற்கு நேற்று வந்த ‘ஈற்றுப் பிளவுத் திரவம்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. பிளவு என்றதும் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு மாதிரி ஒரு குறைபாடுதான் நினைவுக்கு வரும். இதுவோ எல்லோர் வாயிலும் இருப்பது. பல்லுக்கும் முரசுக்கும் நடுவே, நலமான வாயில் 3 மில்லிமீற்றருக்கு மேல் போகாத ஒரு சந்து. ‘பல் இடுக்கு’ என்றால் இரண்டு பற்களுக்கு இடைப்பட்டதாகிவிடும். ஆகவே ‘முரசிடுக்கு’. அங்கே ஊறுவது உமிழ்நீர், நிணநீர் வரிசையில் ‘முரசிடுக்கு நீர்’.

தமிழகத்தில் ஈறு என்பார்கள், தெரியும். ஆனால் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் கொய்யாக்காயைக் கடித்த அம்மா, கடிவாயில் சிவப்பைக் கண்டதும் “முரசால ரத்தம் வருது பிள்ளை” என்றுதான் சொன்னார். நான் மொழிபெயர்க்கும் துண்டுப்பிரசுரம் அவரைப் போன்றவர்களுக்குத்தான்.

அடுத்தது ‘biomarker protein’. மெல்லிய தாள்கீற்று ஒன்றை முரசிடுக்கில் சுமார் 30 விநாடி வைத்து எடுக்கிறார்கள். அதில் ஊறிய துளியில் எம்.எம்.பி-8 கூடியிருந்தால், பல்லைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அறுபடுகிறது என்று ஊகிக்கலாம். வெள்ளணுக்கள் விடும் நொதி அது. பள்ளிக்கூடத்தில் பாசிச்சாயத்தாளைக் (லிட்மஸ் தாள்) ‘காட்டி’ என்று படித்தோமே, இதுவும் அதே வேலைதான். அதனால் ‘காட்டிப் புரதம்’. ‘முன்னறி புரதம்’ வேண்டாம். அது அளவுக்கு மீறிய வாக்குறுதி.

இந்தக் காட்டிக்கு ஏன் இவ்வளவு தேவை? முரசிடுக்கில் கம்பி விட்டு ஆழம் அளந்தால் ஏற்கெனவே அழிந்தது தெரியும், இப்போது அழிகிறதா என்பது தெரியாது. பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் 1985 வரை நம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளரைக் கவனித்தார்கள். பல் சிகிச்சை கிடைக்காத மக்கள், எல்லோர் பல்லிலும் படிவு. ஆனாலும் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 வீதத்தினருக்கு மிதமாக, 11 வீதத்தினருக்கு முரசு அழற்சியைத் தாண்டவேயில்லை. வெறும் கண்ணால் பார்த்து யார் அந்த எட்டு வீதத்தினர் என்று எப்படிப் பிரிப்பது?

அப்புறம், ‘நோயின் முன்னேற்றம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நோயாளி தேறி வருவதாக நினைத்துவிடுவார். நோய் முற்றுகிறது என்றுதான் எந்த வீட்டிலும் பேசுகிறோம். ‘நோய் முற்றல்’ போதும். அதை ‘முற்றுகை’ என்று மட்டும் மாற்றிவிட வேண்டாம், அது கோட்டைக்கு உரிய சொல்.