பாரசிட்டாய்டுக்கு 'கொல்லொட்டுண்ணி' – என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பாரசிட்டாய்டு என்பது, குடம்பியாக (இளம்புழுவாக) இருக்கும்போது இன்னொரு பூச்சியைத் தின்று வளர்ந்து அதைக் கொன்றுவிடும் பூச்சி; பயிரைத் தாக்கும் பூச்சிகளை அடக்க நமக்கு உதவுவது. அதையும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதிவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மட்டக்களப்பில் ஒட்டுண்ணி என்றதும் மாமரத்துக் குருவிச்சைதான் நினைவுக்கு வரும். உண்ணி என்றால் மாட்டில் கடிப்பது. செங்கலடிப் பக்கம் தேசி வைத்திருப்பவரிடம் "ஒட்டுண்ணியைக் காப்பாற்றுங்கள்" என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அவர் மருந்துத் தாங்கியைத்தான் தேடுவார்.

ஒட்டுண்ணி பொதுவாகத் தன் விருந்துவழங்கியை (தான் தங்கி உண்ணும் உயிரை) உயிரோடு வைத்தே பிழைக்கும். பாரசிட்டாய்டு வளர்ந்து முடியும்போது விருந்துவழங்கி சாகும். அதற்காக இரைகௌவி என்றும் சொல்ல முடியாது. பொறிவண்டும் முசுறும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பூச்சிகளைத் தின்னும். இதன் குடம்பிக்கு ஒரே உடல் போதும்.

'உட்கொல்லி' என்று ஒரு பரிந்துரை வந்தது. டிரைக்கோகிராமா என்ற சிறு குளவிக்கு அது பொருந்தும்: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே அது முட்டையிடும். ஆனால் டமாரிக்சியா ரேடியேட்டா என்ற குளவியை என்ன செய்வது? தோடை, தேசியில் கிரீனிங் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சியின் இளம்பருவத்துக்கு அடியில், வயிற்றோடு ஒட்டினாற்போல அந்தக் குளவி முட்டையிடுகிறது. குடம்பி வெளியில் இருந்தபடியே சாற்றை உறிஞ்சும். கடைசியில் பழுப்பான வெறுங்கூடு இலையோடு ஒட்டிக் கிடக்கும். குளவி வெளியேறிய வட்டத் துளையைக் கைவில்லையால் பார்க்கலாம். 1978இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் சைலிட்டை அடக்கக் கொண்டுபோய் விட்டதும் இதைத்தான். அங்கே சைலிட் நன்றாக அடங்கியது. இவ்வளவு முக்கியமான பூச்சியை வெளியே நிறுத்தும் சொல் நமக்கு வேண்டாம்.

'ஒட்டுண்ணிப்போலி'யும் சரிவராது. போலி மருந்து, போலி விதை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏமாற்று என்றே படும்.

என் பரிந்துரை கொல்லொட்டுண்ணி. கொல்யானை, கொல்களிறு போல வினைத்தொகை. தமிழுக்குப் புதிய அமைப்பு அல்ல. உள்ளே, வெளியே என்ற சிக்கலும் இல்லை. பிரித்துச் சொல்லவும் வசதி: முட்டைக் கொல்லொட்டுண்ணி, குடம்பிக் கொல்லொட்டுண்ணி, கூட்டுப்புழுக் கொல்லொட்டுண்ணி. கொல்லொட்டுண்ணியையே தாக்கும் இனங்களுக்கு 'மேற்கொல்லொட்டுண்ணி' என்று வைக்கலாம். இது கொஞ்சம் நீளம்தான்; ஆனால் பாடநூலில் மட்டும் வரும் சொல், சமாளிக்கலாம்.

தோட்டத்தில் பேச, 'காவல் குளவி' போதும் என்று நினைக்கிறேன். இந்த வகையில் ஈக்களும் உண்டு என்பதால் அதைக் கலைச்சொல்லாக்க வேண்டாம். அம்பாறைப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர்களாக இருப்பவர்கள், அங்குள்ள விவசாயிகள் இதற்கு ஏற்கெனவே ஏதாவது பெயர் சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் காவல் குளவியை எடுத்துவிட்டு அதையே வைப்போம்.