கலைச்சொல் விவாதம்: ஒருபொருட்கோவையும் அதன் உடன்நூலும்

பொருள்: கான்செப்ட் ஆல்பம், அதனோடு வரும் கிராபிக் நாவல்: தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ராக் பாடகர் ஒருவர் ஒரே கதையைப் பத்துப் பாட்டாகப் பாடி ஓர் ஆல்பமாக வெளியிடுகிறார். அதே கதை இருண்ட படக்கதையாகவும் வருகிறது. இரண்டுக்கும் பெயர் வேண்டும். இடையிலுள்ள உறவுக்கும் வேண்டும்.

ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன்' (1994) ஆல்பம் நல்ல எடுத்துக்காட்டு. எழுத்தாளர் நீல் கெய்மனோடு சேர்ந்து கதையை அமைத்தார். கெய்மன் எழுத, மைக்கேல் ஜுல்லி வரைய, மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் படக்கதையாக மூன்று இதழ்களில் வெளியிட்டது. ஸ்டீவன் என்ற சிறுவனை மர்மமான கொட்டகைக்காரன் ஒருவன் ஆசைகாட்டி இழுக்கிற கதை. மூன்று இதழும் பின்னர் ஒரே நூலாயின.

புழக்கத்தில் இருப்பவை 'கருப்பொருள் இசைத்தொகுப்பு', 'வரைகலைப் புதினம்'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "1994 தொகுப்புக்காக வந்த மூன்று இதழ்களின் தொகுப்பு." முதல் தொகுப்பு பாட்டு, இரண்டாவது தாள். எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

மறு: பொருள் மேற்படி

> கருப்பொருள் இசைத்தொகுப்பு

இதில் 'தொகுப்பு' மட்டுமல்ல, 'கருப்பொருள்' என்பதும் இடறுகிறது. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை முதலியவை. (யாழும் உண்டு. ராக் இசைக்கு அந்த அளவில் பொருத்தம்தான்!) பிரிவு, இரக்கம் போன்ற உணர்வு உரிப்பொருள் என்ற வேறு பிரிவில் அடங்கும். ஃபிராங்க் சினாட்ராவின் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' (1955) கதை சொல்வதில்லை. நள்ளிரவுத் தனிமை என்ற ஒரே உணர்வில் எல்லாப் பாட்டும் நிற்கும். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' (1979) ஒருவனுடைய கதை. இரண்டையும் கான்செப்ட் ஆல்பம் என்றே சொல்கிறார்கள். ஆகவே 'கதைப்பாடல் தொகுப்பு' என்று குறுக்கவும் முடியாது.

நம்மிடம் ஏற்கெனவே ஓர் இலக்கிய வகை உண்டு: கோவை. திருக்கோவையாரில் 400 பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு துறையில், அதாவது காதல் கதையின் ஒரு தருணத்தில், தனியே நிற்கும். வரிசையாகப் படித்தால் தலைவன் தலைவியைக் காணும் 'காட்சி' முதல் கதை தொடர்ந்து செல்லும். தனியே வானொலியில் ஒலிக்கவும் வேண்டும், வரிசையில் கதையும் நகரவேண்டும் என்கிற ஆல்பத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. 'ஒருபொருட்கோவை' என்று முன்மொழிகிறேன்.

'இசைக்கோவை' வேண்டாம். இசையமைப்பைக் குறிக்க அது ஏற்கெனவே புழங்குகிறது.

மறு: பொருள் மேற்படி

ஒருபொருட்கோவைக்கு என் வாக்கு. 'கோவை' என்று தனியே எழுதினால் ஊர்ப்பெயராகப் படிப்பார்கள். முதல் முறை முழுச்சொல்லை எழுதிவிட்டு, பிறகு 'இக்கோவையின் நான்காம் பாட்டு' என்று சுருக்கினால் குழப்பமில்லை.

உறவுச் சொல்தான் கடினம். 'சார்ந்த கிராபிக் நாவல்' என்றால் எதை எது சார்ந்தது என்று தெரியாது. நன்னூல் இலக்கணம் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலின் முடிபை ஒத்து, வேண்டிய வேறுபாட்டோடு வருவது வழிநூல். கோஹீட் அண்ட் கேம்ப்ரியா ராக் குழு 2002இல் வெளியிட்ட ஆல்பத்தின் கதையை அதன் பாடகர் கிளாடியோ சான்செஸ் பின்னர் படக்கதையாக்கினார். அது வழிநூல். ஆல்பத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்து வேறாக வளர்ந்தால் சார்புநூல். அதற்கே புடைநூல் என்றும் பெயர். பக்கத்தில் நிற்பது என்ற பொருள் வெளிப்படையாக இருப்பதால் எனக்குப் புடைநூல் பிடிக்கும்.

கூப்பர் எடுத்துக்காட்டு இந்த மூன்றிலும் அடங்காது. கதை பாட்டுக்கும் படத்துக்கும் பொதுவாகப் பிறந்தது. அதற்கு 'உடன்நூல்'. புணர்ச்சிப்படி 'உடனூல்' என்றுதான் வரவேண்டும் என்பார்கள் இலக்கணம் அறிந்தவர்கள். பிரித்தே எழுதுவோம், 'உடனூல்' என்றால் அகராதி தேட வைத்துவிடும்.

மறு: பொருள் மேற்படி

அச்சுப்பக்க வடிவமைப்பிலிருந்து சில குறிப்புகள்.

கருப்பொருள் இசைத்தொகுப்பு 13 எழுத்து, ஒருபொருட்கோவை 7. நூல் முதுகில் இந்த வேறுபாடு பெரிது. 'வரைகலை' என்றதும் கணினி வரைகலை நினைவுக்கு வருகிறது. தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் 'கிராபிக் நாவல்' என்றே சொல்கிறார்கள். அதை மாற்ற மெனக்கெட வேண்டாம்.

இருண்ட கதைக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. பக்கம் நிறையக் கருமை, அதன்மேல் வெள்ளை எழுத்து. ஆழம் வேண்டி நான்கு மைகளையும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 விழுக்காடு என்று கலப்பார்கள். இதற்குச் 'செறிகருப்பு' என்று சொல் வைக்கலாம். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் மற்ற மை வெள்ளை எழுத்துக்குள் புகும். ஆங்கிலத்தில் ஓரம் மங்கும், அவ்வளவுதான். தமிழில் புள்ளி அடைபட்டுப் போகும்: 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். எழுத்து வரும் இடத்தில் மட்டும் தனிக்கருப்பு (கருப்பு மை மட்டும்) வைக்கவேண்டும், எழுத்தும் தடித்ததாக இருக்கவேண்டும். 8 பாயின்ட் அளவில் மெல்லிய எழுத்துரு கூடவே கூடாது.

பேச்சுக்குமிழில் இன்னொரு தொல்லை. ஆங்கில வசனம் எல்லாம் கேப்பிடல் எழுத்து, வரிகளை நெருக்கி வைக்கலாம். தமிழில் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதும். வரியிடைவெளி எழுத்தளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. மூலத்தில் ஐந்து வரி இருந்த குமிழில் தமிழுக்கு நான்குதான் கிடைக்கும். குமிழைப் பெரிதாக்கினால் ஓவியம் மறையும், ஆகவே வசனத்தைத்தான் வெட்டவேண்டும்.

மறு: பொருள் மேற்படி

ஒருபொருட்கோவை, உடன்நூல், வழிநூல், புடைநூல், செறிகருப்பு ஆகிய ஐந்தையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம். வசனத்தை வெட்டும்போது ஒன்று கவனிக்க: உடன்நூலில் பாட்டுவரி அப்படியே குமிழுக்குள் வந்தால் அதை மட்டும் சுருக்காதீர்கள். பாட்டைக் கேட்டவர் அந்த இடத்தை அடையாளம் காண்பது அந்தச் சொல்லை வைத்துத்தான்.