சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு: கவிதை வாசிக்க, எழுதப் பழக எங்கே போகலாம்?

அறந்தாங்கி இளையவன்

எல்லோருக்கும் வணக்கம். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை செய்கிறேன். தங்கும் விடுதியும் அந்தப் பக்கம்தான். இரவில் அறை விளக்கை அணைத்த பிறகு கைப்பேசியில் கவிதை எழுதி வைக்கிறேன். அறை நண்பர்கள் படித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்பார்கள். அவர்கள் மனதாரச் சொல்கிறார்கள். ஆனால் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுகிறேன்.

எனக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. சில சனிக்கிழமைகளில் ஓவர்டைம் இல்லையென்றால் மாலை கிடைக்கும். இந்த ஊரில் தமிழ்க் கவிதை வாசிக்கும் கூட்டங்கள் நடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் போகலாமா? கவிதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பு ஏதாவது உண்டா? யாப்பு தெரியாமல் போனால் மேடையில் ஏற்றுவார்களா?

உலர்துறையில் (பழுதுபார்க்க நீரை வடித்துவிட்ட துறையில்) நிற்கும் கப்பலைப் பற்றிப் போன வாரம் எழுதியது இது. தயங்காமல் சொல்லுங்கள்.

கப்பல் நீரில் இல்லை.
நான் மட்டும் ஆடுகிறேன்.
காற்று என் சட்டையைப் பிடித்து
ஊர்ப் பக்கம் இழுக்கிறது.
சாரத்தின் ஒவ்வொரு குழாயிலும்
வியர்வையின் கண்ணீர்.
ஏழையின் வாழ்க்கை
ஏணியில் ஏறும் எறும்பு.

தேக்கா நடையன்

தம்பி, தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் அட்டை கேட்க மாட்டார்கள்.

கவிமாலை என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து மாதந்தோறும் கூடுகிறது. சனிக்கிழமை மாலையில் நடப்பதே வழக்கம், ஆகவே ஓவர்டைம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 1976-இல் தொடங்கியது. சிறுகதைக்குக் கதைக்களம் என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது, கவிதை நிகழ்ச்சிகளும் உண்டு. வாசகர் வட்டம் என்று ஒரு குழு உண்டு, அங்கே படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். இடமும் நேரமும் மாறும். தமிழ் முரசு நாளிதழில் அறிவிப்பு வரும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி சொல்கிறேன். துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறினால் மாறாமல் பூகிஸ் வரலாம். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் அங்கிருந்து நடக்கும் தூரம். பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு என்றால் ஊட்ரம் பார்க்கில் வடகிழக்குப் பாதைக்கு மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்குங்கள். நூலகத்தின் உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. தமிழ்க் கவிதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.

பிடோக் ஆசிரியை

அன்புள்ள தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சமூக மன்றத்தில் சிறு குழுவுக்கு எழுத்துப் பயிற்சி நடத்தி வருகிறேன். உங்கள் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. "எது நன்றாக இருக்கிறது, எது இல்லை" என்று கேட்டீர்களே, அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

முதலில் உங்கள் கவிதை. முதல் இரண்டு வரிகளைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலர்துறையைப் பார்த்தே இராத எனக்கு, தரையில் நிற்கும் கப்பலும் உயரத்தில் நிற்கும் நீங்களும் தெரிந்துவிட்டீர்கள். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. மூன்றாம், நான்காம் வரிகளும் அப்படியே. ஐந்தாம் வரியிலிருந்து வேறு யாரோ எழுதுகிறார்கள். "வியர்வையின் கண்ணீர்" உங்களுடைய சொல் அல்ல. எத்தனையோ கவியரங்குகளில் எத்தனையோ பேர் சொல்லி, நூற்றுக்கணக்கான முறை கைதட்டல் வாங்கிய சொல் அது. எறும்பும் அப்படித்தான். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்போதே நீங்கள் ஏழை என்பதும் ஊர் நினைப்பு வாட்டுகிறது என்பதும் எனக்குப் புரிந்தாயிற்று. பிறகு ஏன் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்? கடைசி நான்கு வரிகளை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு கேள்வி எழுதி வையுங்கள்: காற்று இழுக்கும்போது உங்களை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது? தத்துவம் வேண்டாம். கையால் தொடக்கூடிய பொருளைச் சொல்லுங்கள்.

இப்போது கூட்டங்களைப் பற்றி. கவியரங்கம் என்பது நம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த வடிவம். தலைப்புக் கொடுப்பார்கள், தலைவர் ஒருவர் இருப்பார், நல்ல வரி வந்தால் "மீண்டும் ஒருமுறை" என்று அவையிலிருந்து குரல் எழும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எதுகையும் மோனையும் காதில் விழுந்த கணத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் கூட்டம் அது. அந்தக் காதுகள் ஒரே நாளில் உருவானவையல்ல. ஆனால் அங்கே பிழைக்கிற வரி ஒரு வகைதான். ஓங்கி முடிகிற வரி. உங்கள் "நான் மட்டும் ஆடுகிறேன்" அங்கே யாருடைய கையையும் தட்ட வைக்காது. எறும்பு தட்ட வைக்கும். வீடு திரும்பும்போது எறும்புதான் நல்ல வரி என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். எனக்கு அச்சம் அதுதான். ஆகவே போங்கள், வாசியுங்கள், ஆனால் கைதட்டலை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது யாராவது ஒருவர் வந்து உங்கள் வரியை உங்களிடமே திருப்பிச் சொன்னால், அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுப்புகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். பயிலரங்கு என்ற பெயரில் நடப்பவற்றில் பல, சொற்பொழிவுகள். ஊரிலிருந்து ஒரு எழுத்தாளர் வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், அவர் தம் வாழ்க்கையைப் பேசுவார், படம் எடுத்துக்கொண்டு கலைவோம். கேட்க இனிமையாக இருக்கும். வந்தவர்கள் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் பெயர் பதியும் முன்பு நடத்துபவரிடம் கேளுங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், நான் எழுதியதை வகுப்பில் படிப்பார்களா, திருத்தி மறுபடி கொண்டு வர இன்னொரு அமர்வு உண்டா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நூலகத்தில் கழியுங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது கட்டணமில்லாத பயிலரங்குகள் வரும். அவற்றுக்கும் இதே கேள்விதான்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கவிதையை எழுதியவர் ஒருமுறை வாசிப்பார். பிறகு தாளை வாங்கி இன்னொருவர் வாசிப்பார். இரண்டாவது வாசிப்பில்தான் பாடம் இருக்கிறது. எழுதியவர் தன் குரலால் ஓட்டைகளை அடைத்துவிடுவார், அடுத்தவரால் அது முடியாது. அவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே மூச்சுக்குத் திணறுகிறாரோ, அங்கே வரியில் ஏதோ சரியில்லை. இதற்கு ஆசிரியர்கூட வேண்டாம். உங்கள் அறை நண்பர்களிடம் கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, "வாசித்துக் காட்டு" என்று கைப்பேசியைக் கொடுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 2014-இல் இங்கே புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு வங்காள மொழியில் மட்டும். பிறகு தமிழ் உட்படப் பிற மொழிகளும் சேர்ந்தன. முதல் இரண்டு ஆண்டும் முதல் பரிசு பெற்றவர் ஜாகிர் ஹுசைன் கோகன், கட்டுமானத் துறையில் வேலை பார்த்த வங்காளதேசக்காரர். அதற்கும் முன்பே, 2011-இல், வங்காளதேசத் தொழிலாளர்கள் கூடிப் பாடவும் எழுதவும் ரோவெல் ரோட்டில் திபாஷ்ரம் என்ற இடம் உருவாகியிருந்தது. நம் தேக்காவில், நாம் காய்கறி வாங்கும் தெருக்களுக்கு நடுவே. அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டுப் பழகினார்கள், அதனால்தான் மேடை வந்தபோது ஆயத்தமாக இருந்தார்கள் என்பது என் எண்ணம். தமிழ்த் தொழிலாளர்களுக்கும் அப்படி ஒரு நிலையான இடம் வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

இந்த ஊர்க் கவிதை படித்தவர்களின் சொத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1887-இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவப் பண்டிதர் சிங்கை நகர் அந்தாதி பாடினார். அது புலவர் கவிதை. 1893-இல் அச்சானது குதிரைப் பந்தய லாவணி, பந்தயம் பார்க்கக் கிளம்பியவர்களின் பாட்டு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மீன்தலைக் கறி சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோடு, அந்தப் பந்தயத் திடலால் பெயர் பெற்ற தெரு. க.து.மு. இக்பால் கடையநல்லூரிலிருந்து சிறுவனாக வந்து, இங்கே வானொலிக்குக் குழந்தைப் பாடல்கள் எழுதி, 2014-இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். இணையத்தில் நாம் இப்படித் தமிழில் எழுதிக்கொள்வதற்கும் இந்த ஊர்க் கவிதைக்கும் உறவு உண்டு: 1995-இல் இந்த ஊரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் ஒரு சிங்கப்பூர்க் கவிதைத் தளம் வந்தபோது, அதில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர உழைத்தவர் நா. கோவிந்தசாமி.

வெண்பா விரும்பி

ஆசிரியை சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. யாப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். தம்பி, யாப்பு தெரியாவிட்டாலும் மேடையில் வாசிக்கலாம், புதுக்கவிதைக்குத் தடையே இல்லை. ஆனாலும் குறள் வெண்பாவை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். ஏழே சீர். வேலைக்கு லாரியில் போகும் நேரத்தில் மனதுக்குள்ளேயே கட்டிப் பார்க்கலாம், தாளும் வேண்டாம் பேனாவும் வேண்டாம். தளை, அதாவது சீரும் சீரும் இணையும் முறை, தட்டினால் காது உடனே சொல்லிவிடும். வாய்பாட்டை விட்டுவிட்டுப் புதுக்கவிதைக்குத் திரும்பினாலும் அந்தக் காது கூடவே வரும். எதுகைக்காகப் பொருளை வளைக்கும் பழக்கம் மட்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தங்கமுனை விருது 1993-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நான்கு மொழிகளிலும் நடந்துவந்த போட்டி. தமிழில் கவிதையும் சிறுகதையும் உண்டு. அறிவிப்பு வரும்போது விதிகளைப் படித்து, உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

அறந்தாங்கி இளையவன்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் சொன்னபடி அறை நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "வியர்வையின்" என்ற இடத்தில் அவர் குரல் மேடைக்குரலாக மாறிவிட்டது. அதுவரை சாதாரணமாகப் பேசுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டேன். உங்கள் கேள்விக்கான விடை இடுப்பிலேயே இருந்தது.

கப்பல் நீரில் இல்லை.
நான் மட்டும் ஆடுகிறேன்.
காற்று என் சட்டையைப் பிடித்து
ஊர்ப் பக்கம் இழுக்கிறது.
பெல்ட்டுக் கொக்கி
இந்தக் குழாயை விடவில்லை.

வெண்பா அண்ணன், குறள் வெண்பாவை இந்த வாரமே தொடங்குகிறேன். தளை பார்க்கச் சொல்லித்தரும் எளிய புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். அம்மா, உங்கள் குழு ஞாயிற்றுக்கிழமை கூடுமா?

பிடோக் ஆசிரியை

கொக்கி போதும் தம்பி. இனி இதில் கை வைக்காதீர்கள், அடுத்ததை எழுதுங்கள்.

நாங்கள் புதன்கிழமை மாலையில் கூடுகிறோம், உங்களுக்கு ஒத்துவராது. ஆனால் எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வர விருப்பம். இன்று காலை கேட்டேன். இந்த ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தேசிய நூலகத்தின் கீழே, வெளிப்புறத் திறந்தவெளியில் இருப்போம். அறை நண்பரையும் அழைத்து வாருங்கள், இரண்டாவது வாசிப்புக்கு ஆள் வேண்டும். புதிய கவிதை ஒன்று, பெரிய எழுத்தில், மூன்று படி. படி எடுக்க வசதி இல்லையென்றால் இங்கேயே பதிவிடுங்கள், நான் அச்செடுத்து வருகிறேன்.

வெண்பா விரும்பி

நானும் வருகிறேன். யாப்புப் புத்தகம் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தம்பி வைத்துக்கொள்ளலாம்.