தம்பியின் போனை போலீஸ் எடுத்துப் போய்விட்டது, என்ன செய்யலாம்?

வக்கீல் நண்பர்கள் யாராவது வழி சொல்லுங்கள். போன செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, பக்கத்துத் தெரு அடிதடி விசாரணை என்று தம்பியின் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாரண்ட் இல்லை, எடுத்துப் போன பொருளைக் குறித்துத் தரும் மகஜரும் எழுதவில்லை. லாக்கை எடு என்றதும் பயத்தில் பேட்டர்னைப் போட்டுக் காட்டிவிட்டான். கவருக்குள் சொருகியிருந்த பஸ் பாஸும் அதோடு போச்சு.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு சொல்கிறது, சரி. லாக்கைத் திறக்கச் சொன்னது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனம் 20(3)-க்குள் வருமா? அது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானாம். இவன் மேல் வழக்கே இல்லை. போனைத் திரும்ப வாங்க மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாமா, இல்லை முதலில் எஸ்.பி.க்கு எழுதணுமா?