தென்னந்தோப்பில் ஈரப்பத உணரிகள்: ஒன்றின் செய்தியை மற்றொன்று கடத்தலாமா?

கேள்வி (ஆனைமலை, விவசாயி)

வணக்கம். எங்கள் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பில் மண் ஈரத்தை அளக்கும் 12 உணரிகளை நட்டிருக்கிறோம். அவை அரை மணிக்கு ஒருமுறை தோட்டத்துச் சாளையிலுள்ள (தோட்ட வீட்டிலுள்ள) கேட்வேக்கு, அதாவது அளவுகளைத் திரட்டும் கருவிக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானலையில் அளவுகளை அனுப்புகின்றன. மரங்கள் இளையவை ஆதலால் மட்டைகள் ஆளுயரத்திலேயே விரிந்து கிடக்கின்றன. மழையில் அவை நனைந்துவிட்டால் வாய்க்காலை ஒட்டிய நான்கு உணரிகளின் செய்தி வருவதேயில்லை. அனுப்பும் திறனைக் கூட்டுவதா, நடுவிலுள்ள உணரிகளைக் கொண்டு கடத்துவதா?

மறுமொழி (கோவை, தொடர்பியல் ஆசிரியர்)

கடத்துவதே நல்லது. நடுவில் ஒன்று வாங்கிக் கடத்தினால், ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறையப் பாதித் தூரம்தான். வெட்டவெளியில் தூரம் பாதியானால் சைகை நான்கு மடங்காகும். தோப்புக்குள் அது தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்வதாகக் கொண்டால், பதினாறு மடங்காகும். அத்தனை ஆதாயத்தையும் திறனைக் கூட்டிப் பெற முயன்றால் பேட்டரி தாங்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. வானலை எல்லோர் காதிலும் விழுவதால், வாய்க்கால் உணரி சாளைக்கு அனுப்புவதை நடுவிலுள்ளதும் கேட்கிறது. நேரே வந்த பிரதி, கடத்தப்பட்ட பிரதி ஆகிய இரண்டில் எது வந்தாலும் கேட்வே ஏற்கட்டும். ஒவ்வொரு வழியும் தனித்தனியே பத்தில் ஒருமுறை தவறினாலும், இரண்டும் சேர்ந்து தவறுவது நூறில் ஒருமுறைதான். தகவல் கோட்பாட்டு அறிஞர்களான தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமாலும் 1979இலேயே இத்தகைய இடைக்கடத்தியுள்ள தடத்தின் கொள்ளளவை, அதாவது பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தை, ஆராய்ந்திருக்கிறார்கள். கேட்டதை அப்படியே பெருக்கி அனுப்பினால் இரைச்சலும் பெருகும் என்பதால், செய்தியைப் படித்துப் பிழையில்லை என்று உறுதிசெய்த பின்னரே கடத்தச் சொல்லுங்கள்.

மறுமொழி (உடுமலை, கருவிகள் பொருத்துபவர்)

ஆசிரியர் சொல்வதை ஒப்புகிறேன். ஆனால் பேட்டரிச் செலவை மறந்துவிடக் கூடாது. இவ்வகை ரேடியோக்களில் காத்திருந்து கேட்பதற்கும் அனுப்புவதற்கு ஏறக்குறைய நிகரான மின்சாரம் செலவாகும். எனவே எல்லா உணரிகளும் குறித்த நேரத்தில் மட்டும் விழிக்க வேண்டும். ஒரே தடத்தில் கேட்டுக்கொண்டே அனுப்ப இயலாததால் ஒவ்வொரு செய்திக்கும் இருமடங்கு நேரம் பிடிக்கும்; கேமராவுக்கு அது பெருங்குறை, உங்கள் அரைமணி அளவுகளுக்கு ஒன்றுமில்லை. அண்டையிலுள்ளவை அனைத்தும் ஒரே நேரத்தில் கடத்தினால் மோதிக்கொள்ளும். ஆகவே சாளைக்கு நன்றாக எட்டும் ஒன்று முந்திக்கொள்ளட்டும், அதைக் கேட்ட மற்றவை அடங்கட்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கிணற்றடியிலுள்ள உணரிக்குச் சூரியத் தகடு இருக்கிறது. அதையே கடத்தியாக்கலாமா?

மறுமொழி (உடுமலை)

தாராளமாக ஆக்கலாம், அதற்கு விழித்திருக்கும் வசதி உண்டு. மோட்டார் அறையின் தகரக் கூரை அதற்கும் சாளைக்கும் குறுக்கே நின்றால் மட்டும், ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.