மாடிப்படிக் கம்பளமும் மலைநாட்டு ஈரமும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகி:

எங்களுடையது கிரகரி வாவிக்கு மேலே சரிவில் நிற்கும் பழைய வீடு. மாடிக்கு ஏறும் 13 மரப்படிகளின் நடுவே, மாமியார் காலத்தில் விரித்த கருஞ்சிவப்புக் கம்பளிக் கம்பளம் இன்றும் கிடக்கிறது. படியும் படியும் சேரும் மடிப்பில் ஒவ்வொரு பித்தளைக் கம்பி அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், விடியற்காலையில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்கால் விறைத்துப்போகும் இந்த ஊரில், அந்தக் கம்பளத்தை அலங்காரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மாமியாரின் முழங்கால் வலிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டில் ஒரு விசேஷம் வருகிறதென்று, துப்புரவு செய்து தரும் ஒரு நிறுவனத்தாரை அழைத்தோம். ஆடி மாதம், தென்மேல் பருவமழை விடாமல் தூறிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் இயந்திரத்தால் சவர்க்கார நீரைப் பீய்ச்சி, தேய்த்து, உறிஞ்சிவிட்டு, மாலைக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லிப் புறப்பட்டார்கள். ஐந்தாம் நாள் ஒரு படியின் மடிப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நகத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. நனைந்த சாக்கைப் போன்ற வாடை மாடி அறைவரை ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம், தேயிலைச் சாயம் ஊற்றியதுபோலப் பழுப்புக் கோடுகள் மேலே வந்தன. கம்பளத்தின் அடிப்பின்னல் சணல் என்பதும், அது அளவுக்கு மீறி நனைந்து மெல்லக் காயும்போது அதிலுள்ள பழுப்பு நிறம் ஈரத்தோடு இழைகளின் நுனிக்கு ஏறிவிடும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. கம்பிகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தால், மரப்பலகையில் வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவியதுபோல் படர்ந்திருந்தது. கணப்பு மூட்டிய அறையில், நெருப்புக்கு எட்டத் தள்ளி, கதிரைகளின் மேல் விரித்துப்போட்டு இரண்டு வாரம் காயவைத்தோம். வாடை போனது, கோடுகள் முழுவதும் போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படிக்கம்பளத்துக்கு வாளித் தண்ணீர் காட்டுவதில்லை. வாரம் ஒருமுறை மேல்படியில் தொடங்கிக் கீழே இறங்கிவந்தபடி சுத்தம் செய்கிறேன்; கீழிருந்து தொடங்கினால் முடித்த படியிலேயே மேலிருந்து தூசு கொட்டும். முதலில் மென்மையான தூரிகையால் இழையின் போக்குக்கு எதிராக வாரி, அடியில் இறங்கிய மண்ணைக் கிளப்பிவிட்டு, பிறகு தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் ஒடுங்கிய குழாயை மடிப்புகளில் ஓட்டுகிறேன். கம்பளத்தை அரிப்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கைவிட அந்த நுண்மணல்தான், ஏனென்றால் ஒவ்வொரு மிதியிலும் அது அரம்போல இழையின் அடியை அறுக்கிறது. மழைநாளில் சேற்றுக் காலோடு யாராவது ஏறிவிட்டால், பதறித் துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். காய்ந்த செம்மண் தூரிகைக்கு உதிர்ந்துவிடும், ஈரத்தில் துடைத்தாலோ அது இழைக்குள் பூசப்பட்டுவிடும்.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் ஊரில் மழை குறைந்து வெயில் நன்றாக விழும். அப்போது மட்டும் கம்பளத்தை முழுதாகக் கழற்றி, சாயம் வெளிறாதபடி அடிப்பக்கத்தை மேலாக்கி, முற்றத்தில் கொடிபோட்டுத் தட்டுகிறோம். திரும்ப விரிக்கும்போது மூன்று அங்குலம் மேலோ கீழோ நகர்த்திவிடுவோம். விளிம்பில் தேய்ந்த இடம் படியின் மட்டமான பகுதிக்குப் போய்விடுவதால், ஒரே இடம் மிதிபட்டு நைந்துபோவதில்லை. இதற்காகவே மாமியார் கீழ்ப்படியில் ஒரு முழம் அதிகம் விட்டு மடித்து வைத்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஹட்டனிலிருந்து:

அக்கா சொன்ன வாளித் தண்ணீர் விஷயம் முற்றிலும் உண்மை. ஆனால் கறை பட்டால் தண்ணீரைத் தொடாமல் இருக்க முடியாது. எங்களுடைய அனுபவம் அட்டைக்கடி. மழைக்காலத்தில் என் மகன் தேயிலை மலையில் ஓடி விளையாடிவிட்டு வந்து, கணுக்காலில் இரத்தம் வழிவது தெரியாமலேயே மாடிக்கு ஏறிவிட்டான். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளைக் கடித்த இடத்தில் அட்டை செலுத்திவிடுவதால் கசிவு நெடுநேரம் நிற்காது. ஏழு படிகளில் பொட்டுப் பொட்டாக இரத்தம். என் மனைவி அவசரத்தில் சுடுதண்ணீர் தொட்டுத் துடைத்த இரண்டு படிகளில் கறை இன்றும் துருப்போல நிற்கிறது. சூட்டில் முட்டை வெண்கரு இறுகுவதுபோல இரத்தத்திலுள்ள புரதமும் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். மற்ற ஐந்திலும் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன், சுவடே இல்லை. ஒற்றி முடித்ததும் உலர்ந்த துவாயை மடித்து வைத்து அதன்மேல் ஏறி நின்றால் மிஞ்சிய ஈரத்தையும் அது குடித்துவிடும். தேநீர் சிந்தினாலும் இதே முறைதான்.

இன்னொன்று: கம்பளிக் கம்பளத்துக்கு வெளிற்றும் திரவத்தை ஒருபோதும் போடாதீர்கள். அது கறையோடு கம்பளியையும் கரைத்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் பக்கம் ஆடியில் வறண்ட காற்று என்பதால் பூஞ்சணத் தொல்லை குறைவு. எங்களுக்கு வாய்த்தது அந்துப்பூச்சி. படியின் நடுவில் ஆள் நடமாட்டம் இருப்பதால் அங்கே அது தங்காது. சுவரோரம், அலுமாரி மறைத்த கடைசிப் படி போன்ற இருட்டு மூலைகளில் முட்டையிடும், அதன் புழுதான் கம்பளியைத் தின்னும். எங்கள் கம்பளத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இழையே இல்லாமல் அடிப்பின்னல் தெரிந்த பிறகே நாங்கள் அலுமாரியை நகர்த்திப் பார்த்தோம். இப்போது மாதம் ஒருமுறை ஓரங்களை விரலால் தூக்கிப் பார்த்து, அங்கேயும் தூசு உறிஞ்சுகிறோம்.

பித்தளைக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளி போட்டுத் துலக்குவதானால் கழற்றி வெளியே கொண்டுபோய்த் துலக்குங்கள். படியிலேயே வைத்துத் துலக்கினால் கரைந்த களிம்பு கம்பளத்தில் பச்சையாக இறங்கிவிடும். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு கம்பியையும் கையால் அசைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் படியின் கம்பி ஒரு பக்கம் கழன்றிருந்ததைக் கவனிக்காமல் விட்டதால், கம்பளம் நழுவி அம்மா வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். இப்போது கம்பிகளை அசைத்துப் பார்ப்பது அம்மாதான். தினமும் இரவில் விளக்கணைக்கும் முன்பு.