உகந்தைக்கு அங்கால: குமண காட்டைப் பண்பாட்டுப் பூங்காவாக்கலாமா?

உகந்தைச்சாமி
கதிர்காமம் நடந்து வந்து கால் கொப்புளம் இன்னும் ஆறல்ல. இலங்கைக் கிழக்குக் கரையில உகந்தை முருகனைக் கும்பிட்டு வெளிக்கிட்டா வாகூரவட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எண்டு கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப்பாதை. குமண பூங்காவும் யாலயும் அதுக்குள்ளதான். பூங்கா எண்டா ஆக்களுக்கு யானையும் சிறுத்தையும்தான் ஞாபகம் வருது. வேல் தூக்கிப் போற சனத்தை ஆர் நினைக்கிற?

முந்தி எங்கட அம்மம்மா ஆற்று மணலைப் பார்த்தே எங்க தோண்டினா நல்ல தண்ணி வரும் எண்டு சொல்லுவா. இப்ப தண்ணி பவுசரில வருது, தோண்டத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சிட்டாங்க. அதால சொல்றன்: காட்டோட சேர்த்துப் பாதையையும் காக்கிற பூங்கா வேணும். உகந்தையில சின்னக் காட்சிக்கூடம், தங்குற இடமெல்லாம் மூண்டு மொழியில பேரும் கதையும். என்ன சொல்றீங்க?

வில்லுக்குளத்தான்
சாமி, கோவிக்கப்படாது. குமண 1938லயே பறவைச் சரணாலயம். வில்லு எண்ட ஆழமில்லாத குளத்துக்குள்ள நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுற காலம் முடிஞ்ச கையோட நீங்க அரோகரா போட்டுக்கொண்டு வாறீங்க. பக்தியைக் குறை சொல்லல்ல. சோடாப் போத்தலைச் சொல்றன். காட்சிக்கூடம் வந்தா ரோட்டு வரும், ரோட்டு வந்தா கடை வரும். மறுகா காடு எங்க?

வாகரைப்பெடியன்
நானும் வேணாம் எண்டுதான் சொல்றன், ஆனா போத்தலுக்காக இல்ல.

பூங்கா எண்டா உங்களுக்கு டிக்கெட், எங்களுக்கு வழக்கு. 1983ல மாதுறு ஓயாவைத் தேசிய பூங்காவாக்கினாங்க. அங்க காலகாலமா வேட்டையாடித் தேனெடுத்த ஆதிக்குடி வேடர்களை காட்டுக்கு வெளிய ஹெனானிகல எண்ட குடியேற்றத்துக்கு அனுப்பினாங்க. வேடர் தலைவர் திசாஹாமி தன்ர ஊர் தம்பானையை விட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டுட்டார். ஆனா அவர்ர சனம் தேனெடுக்கப் போனாலே குற்றம் எண்டாச்சு. இப்ப என்ன நடக்குது? தம்பானைக்கு பஸ்ஸில போய், தோளில கோடாலி வச்சவரோட போட்டோ எடுத்திட்டு வாறாங்க. இதுதானே நீங்க கேக்கிற 'காட்சி'?

எங்கட கதிரவெளி, பால்ச்சேனை வேடர் தமிழ் கதைக்கிறவங்க, சாரம் உடுத்து மீன்பிடிக்கப் போறவங்க. எங்களை ஆர் பார்க்க வருவான்? பார்வைக்கு வேடன் மாதிரித் தெரிஞ்சாத்தான் மரபு போல.

பாணமைக்காரி
பேர்ப்பலகை எண்ட உடன எனக்கு ஒரு கேள்வி. அதே காட்டுக்குள்ள குடும்பிகல பௌத்த பிக்குமார்ர குகையும் இருக்கு, பிராமிக் கல்வெட்டும் இருக்கு. ஆர்ர கதையை முதல்ல எழுதுவாங்க? 2020ல கிழக்குத் தொல்லியலுக்கு ஒரு ஜனாதிபதி செயலணி போட்டப்ப, தொடக்கத்தில அதில ஒரு தமிழரும் இல்ல, முஸ்லிமும் இல்ல.

எங்கட பாணமையில சிங்களமும் தமிழும் ஒரே வீட்டுக்குள்ள. பத்தினி எண்டும் கண்ணகி எண்டும் ஒரே அம்மனுக்குத்தான் கொம்பு இழுக்கிற சடங்கு செய்யிறம். அதைப் பலகையில எந்தப் பேரில போடுவீங்க அண்ணன்?

உகந்தைச்சாமி
ரெண்டு பேரும் நல்லா மடக்கிறீங்க. அதுக்காகச் சும்மா இருக்கவும் ஏலாதே. அவுஸ்திரேலியாவில உலுரு பாறை இருக்கு. 1985ல அந்த நிலத்தை அங்கத்த ஆதிக்குடி அனங்கு மக்களுக்கே திருப்பிக் குடுத்து, 99 வருசக் குத்தகைக்கு அரசு பூங்காவா எடுத்துக்கிட்டுது. நிர்வாகச் சபையில 12 பேர், 8 பேர் அனங்கு. பாறையில ஏறவேணாம் எண்டு அவங்க கனகாலமாச் சொல்லி, 2019ல ஏறுறதையே நிப்பாட்டிட்டாங்க. அப்படி ஒண்டு இங்க ஏன் வரப்படாது?

வாகரைப்பெடியன்
முதல் வரியைத் திருப்பி வாசிங்க சாமி. 'நிலத்தைத் திருப்பிக் குடுத்து.' சபையெல்லாம் அதுக்குப் பிறகு. நீங்க காட்சிக்கூடத்தில தொடங்குறீங்க.

வில்லுக்குளத்தான்
உலுருவில ஏறுறதை நிப்பாட்டினது நல்லது எண்டா, இஞ்சயும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் நடக்கலாம் எண்டு கணக்கு வைப்பமா?

உகந்தைச்சாமி
அது எப்படி? நேர்த்திக்கு ஆள்க்கணக்கு வைக்கிற ஆர்? ஏற்கெனவே ஆடித் திருவிழாவுக்கு முன்ன காட்டுப்பாதை எப்ப திறப்பாங்க எண்டு ஒவ்வொரு வருசமும் காத்துக் கிடக்கிறம். எங்கட பாட்டன் நடந்த பாதைக்கு இன்னொருத்தன் தேதி குறிக்கிறான்.

வாகரைப்பெடியன்
பாருங்க, இப்ப நான் கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்க. உங்களுக்குக் கொஞ்ச நாள் திறந்து விடுறாங்க. எங்கட மாமாவுக்கு வருசம் முழுக்கப் பூட்டு.

உகந்தைச்சாமி
அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல தம்பி. காட்சிக்கூடத்தை விடுறன். நடக்கிற உரிமையும் தேனெடுக்கிற உரிமையும் சட்டத்தில ஒண்டா வரட்டும் எண்டா, நீ கூட நிப்பியா?

வாகரைப்பெடியன்
தேனை முதல்ல எழுதினா நிப்பன்.

பாணமைக்காரி
அண்ணன், சட்டம் வரட்டும் வராமப் போகட்டும். அம்மம்மா எங்கெங்க தோண்டினா எண்டு உங்களுக்கு ஞாபகம் இருந்தா இண்டைக்கே இதில எழுதிப் போடுங்க. அதுக்கு ஒருத்தர்ர அனுமதியும் தேவையில்ல.